"ஸ்கூல் ஃபீஸ் ரசீதைக் கொடுங்கள், ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்": டெல்டா சம்பளக்காரர்களே, உஷார்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க ஜூன், ஜூலையில் ஒரு வியாபாரம் சூடு பிடிக்கிறது. "பிள்ளைகளின் ஃபீஸ் ரசீதும் ஃபார்ம் 16-ம் (அலுவலகம் தரும் வரிப் பிடித்தச் சான்று) கொண்டு வாருங்கள், பிடித்த வரி மொத்தமும் திரும்ப வரும். வந்த பிறகு பத்து, பதினைந்து சதவீதம் எங்களுக்கு." முன்பணம் கேட்பதில்லை. அதனால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

ஏமாந்த ஒருவரின் கணக்கு இது. நிதியாண்டு 2024-25, சம்பளம் 8,40,000. வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு என்ற புதிய முறையில் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக 7,65,000-க்கு வரி, செஸ் உட்பட 27,560. அலுவலகம் அதைச் சரியாகப் பிடித்துக் கட்டியும்விட்டது. இனி அவர் தரவும் வேண்டாம், பெறவும் வேண்டாம்.

கமிஷனுக்கு வருமான வரிக் கணக்கு (ரிட்டர்ன்) போட்டுத் தரும் கடைக்காரர் இதை, கழிவுகள் அதிகமுள்ள பழைய முறைக்கு மாற்றினார். நிலைக் கழிவு 50,000. ஜிபிஎஃப் (அரசு ஊழியர் சேமநிதி), எல்ஐசி, ஃபீஸ் என்று வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் 1,48,000. மீதி 6,42,000. இதுவரை எல்லாம் உண்மைதான், ஆனால் வரி 42,536 ஆகிவிடும், புதிய முறையைவிட அதிகம். எனவே "பிள்ளைகள் படிப்புச் செலவு" என்ற பெயரில் 80இ-யில் 90,000, கட்சி நன்கொடையாக 80ஜிஜிசி-யில் 60,000 சேர்த்தார். வருமானம் 4,92,000-க்கு இறங்கியது. பழைய முறையில் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். 27,560 ரீஃபண்ட் வந்தது, கடைக்கு 4,134 போனது.

ஐந்து லட்சத்துக்குக் கீழே எப்படியாவது தள்ளுவதுதான் இவர்களின் வித்தை. ஃபீஸ் ரசீது வெறும் தூண்டில்.

80இ என்பது பன்னிரண்டாம் வகுப்புக்கு மேலான படிப்புக்கு வங்கி போன்ற நிறுவனத்தில் வாங்கிய கடனின் வட்டிக்கு மட்டும். அசலுக்குக்கூடக் கிடையாது. நான்காம் வகுப்புப் பிள்ளையின் ஃபீஸுக்கு அங்கே வேலையே இல்லை. படிவம் இப்போது கடன் கணக்கு எண், வங்கிப் பெயர், கடன் தந்த தேதி எல்லாம் கேட்கிறது. கேட்டால் என்ன, வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு நிரப்புகிறார்கள்.

பள்ளிக் கட்டணத்துக்கு உண்மையில் கிடைப்பது 80சி, அதுவும் பழைய முறையில் மட்டும். இரண்டு பிள்ளைகள் வரை, இந்தியாவில் முழுநேரப் படிப்பு. எல்கேஜி, ப்ளே ஸ்கூலும் சேரும். மொத்த வரம்பு 1,50,000. அந்த வரம்புக்குள்தான் ஜிபிஎஃப், எல்ஐசி, வீட்டுக் கடன் அசல் எல்லாம் அடங்க வேண்டும். ஜிபிஎஃப்-பிலேயே வரம்பு நிரம்பிவிடும் மூத்த ஆசிரியருக்கு ஃபீஸ் ரசீதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

ரசீதில் எது சேரும் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 46,500 ரூபாய் ரசீது ஒன்று: டியூஷன் ஃபீஸ் 24,000, வேன் 12,000, புத்தகம் நோட்டு 6,500, சீருடை 4,000. கழிவு 24,000-க்கு மட்டும். வளர்ச்சி நிதி, நன்கொடை, ஹாஸ்டல், தாமதக் கட்டணம் எதுவும் சேராது. நம் பேச்சில் "டியூஷன்" என்றால் சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்கு அனுப்புவது. சட்டம் சொல்வது பள்ளிக்கே கட்டும் கற்பிக்கும் கட்டணம். இந்தக் குழப்பத்தில் மாலை டியூஷன், நீட் கோச்சிங் பணத்தையும் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பள்ளி மொத்தத் தொகையை ஒரே வரியில் போட்டுத் தந்தால், பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் தாத்தா கணக்கில் ஏறும், அதிலிருந்து அவரே பேரனுக்கு ஃபீஸ் கட்டிவிடுவார். அந்த ரசீதை வைத்து அப்பா கழிவு கேட்க முடியாது, கட்டியவர் அவரில்லை. தாத்தாவும் கேட்க முடியாது, பேரப்பிள்ளைக்கு 80சி-யில் இடமில்லை. அப்பாவும் அம்மாவும் சம்பளக்காரர்கள் என்றால் யார் எவ்வளவு கட்டினார்களோ அவ்வளவுதான் அவரவர் கணக்கில். ஒரே ரசீதை இருவரும் காட்டுவது நேராக மாட்டிக்கொள்ளும் வழி. கழிவு பணம் கட்டிய ஆண்டுக்கு. மார்ச்சில் கட்டிய அடுத்த வகுப்பு ஃபீஸ் மார்ச் கணக்கிலேயே வரும்.

மேலே சொன்னவர் மாட்டினால் என்ன ஆகும்? 1,50,000 பொய்க் கழிவு நீங்கி, பழைய முறையில் வரி 42,536. புதிய முறையில் கட்டி முடித்திருந்ததைவிட 14,976 அதிகம். பொய்க் கழிவு தவறான தகவலாகக் கொள்ளப்பட்டால் 270ஏ-யில் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, ஏறத்தாழ 85,000. வட்டி தனி. கடைக்காரர் பெயர் படிவத்தில் எங்குமே இருக்காது. உறுதிமொழி உங்களுடையது, ஓடிபி-யும் உங்களுடையது.

"யார் பார்க்கப் போகிறார்கள்" என்பார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை 150 இடங்களில் இப்படிக் கமிஷனுக்கு ரிட்டர்ன் போடுகிறவர்களைச் சோதனையிட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள் என்றும் அறிவித்தது. ஆதாரம் சிக்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே வருமான வரித் தளத்தில் பான் எண்ணைப் போட்டு உள்ளே போங்கள். முதலில் சுயவிவரத்தில் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதா என்று பாருங்கள். இவர்கள் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவைப்பதால் துறை அனுப்பும் நோட்டீஸ் உங்கள் கண்ணிலேயே படாது. பிறகு தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டின் படிவத்தையும் இறக்கி, 80சி, 80டி, 80இ, 80ஜி, 80ஜிஜிசி, வீட்டு வாடகைப் படி என்று வரிவரியாகப் படியுங்கள். ரசீது இல்லாத ஒவ்வொரு தொகையும் ஆபத்து.

2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு (அதாவது 2024-25 வருமானத்துக்கு) திருத்த ரிட்டர்ன் போடக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அந்தத் தேதிக்குப் பிறகு வழி ஐடிஆர்-யு எனும் புதுப்பித்த ரிட்டர்ன். வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம் கூடுதல், அடுத்த 12 மாதத்தில் 50, பிறகு 60, 70. மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதம் வரைதான். இரண்டு மடங்கு அபராதத்தோடு ஒப்பிட்டால் 25 சதவீதம் சின்னத் தொகை. நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும், எனவே அதற்கு முன் போட்டுவிடுங்கள். நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியில் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். அதற்கு மறுபடி அதே கடைக்குப் போகாதீர்கள், பதிவு பெற்ற ஆடிட்டரிடம் போங்கள்.

சம்பளம் மட்டும் வருமானம் என்றால் ஐடிஆர்-1 படிவத்தை வருமான வரித் தளத்தில் நீங்களே இலவசமாகப் போடலாம், பாதி விவரம் தானே நிரம்பியிருக்கும். யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ரீஃபண்டில் சதவீதம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சமர்ப்பிக்கும் முன் படிவத்தின் நகலை வாங்கிப் படிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழையது அந்தக் கடை நோட்டில் பான் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.