இல்லம் தேடிக் கல்வி: எங்கள் தெரு அக்காவுக்கு ஐந்து ஸ்டார், ஊக்கத்தொகைக்கு ஒன்று

அரசுத் திட்டத்துக்கெல்லாம் ரிவ்யூவா என்று கேட்காதீர்கள். ஹோட்டல் சாம்பாருக்கே பக்கம் பக்கமாக எழுதுகிறோம்.

என் மகன் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். சேர்ந்தான் என்றால் பதிவேட்டில் பேர் ஏறியது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருந்த ஒரே போனை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வருஷம்தான் என் மாமனாரும் தவறினார், தாத்தாவோடயே சுற்றிக்கொண்டிருந்த பையன் பேச்சையே குறைத்துக்கொண்டான். 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு, ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் இந்த இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களை வைத்துத் தமிழ்நாடு அரசு நடத்திய மாலை வகுப்பு. 2021 அக்டோபர் கடைசியில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள், எங்கள் ஊருக்கு வரக் கொஞ்சம் நாளானது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. பிளஸ் டூ முடித்தவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கும், டிகிரி முடித்தவர்கள் ஆறிலிருந்து எட்டு வரையும் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்குச் செலவு இல்லை.

எங்களுக்கு வாய்த்தவர் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அவர் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. எடுத்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார், பிள்ளை சொல்வதை அப்படியே சிலேட்டில் எழுதுவார், அதையே அவர்களை வாசிக்கச் சொல்வார். ஆட்டுக்குட்டி, சண்டை, மழை என்று ஒவ்வொருத்தரும் ஒன்று சொல்ல, இவன் பல நாள் வாயே திறக்கவில்லை, அக்காவும் விரட்டவில்லை. அவன் சொல்லி, எழுதவைத்து, முதன்முதலில் வாசித்த வரி: "தாத்தா சைக்கிளில் மணி இல்லை."

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டதாம், அப்படி வந்ததில் கால்வாசி இந்த மாலை வகுப்பால். எனக்கு ஆச்சரியமே இல்லை.

குறை? நிறைய. உங்கள் தெருவுக்கு யார் வந்தார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. என் நாத்தனார் ஊரில் வந்தவர், பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தாராம். அப்புறம் அந்த ஊக்கத்தொகை, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்! இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவருக்கு அது டீச்செலவுக்குக் கண்டிருக்குமா?

இப்போது ஆறாம் வகுப்பு. தெரியாத வார்த்தை வந்தால் பாதியை விரலால் மூடிக்கொண்டு வாசிக்கிறான், அக்கா பழக்கியது. தங்கச்சி தப்பாக வாசித்தாலும் கத்துவதில்லை, "சரி, மெதுவா" என்கிறான். அந்தக் குரல் நிச்சயம் எங்கள் வீட்டில் கற்றதில்லை, நாங்கள் கத்துகிற ஜாதி.

உங்கள் தெருவில் இப்படி யாராவது பிள்ளைகளை உட்காரவைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். கூடவே ஒரு நல்ல பல்பும் வாங்கிக்கொடுங்கள், எங்கள் அக்கா வீட்டில் எரிந்ததெல்லாம் அவர்கள் கரண்ட் பில்லில்தான்.