ஹங்கர் கேம்ஸ்: பசி புத்தகத்தில்தான் இருக்கிறது

சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் 2008-இல் வெளியானது. கேரி ராஸ் இயக்கிய படம் 2012 மார்ச்சில் வந்தது. திரைக்கதையில் காலின்ஸுக்கும் பங்குண்டு என்பதால் கதை பெரிதாக மாறவில்லை. பேனெம் நாட்டின் 12 மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வைத்து டிவியில் காட்டுகிறது, நாட்டை ஆளும் தலைநகரான கேப்பிட்டல். தங்கை பிரிமின் பெயர் விழுந்ததும், அவளுக்குப் பதிலாக 16 வயது கேட்னிஸ் தானே போகிறாள்.

நாவல் முழுக்க கேட்னிஸ்தான் பேசுகிறாள். அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. படத்திலோ நாம் போட்டியை இயக்கும் கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் அதிபர் ஸ்நோவின் தோட்டத்துக்குள்ளும் போய் வருகிறோம். இந்த ஒரு மாற்றம் படத்துக்குச் சிலதைக் கொடுத்து, அதைவிடப் பெரிய ஒன்றைப் பறித்துவிட்டது.

முதலில் பசி. நாவலில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். குலுக்கலில் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிக்கொடுத்தால் ஒருவருக்கு ஓராண்டுக்குப் போதும் போதாமல் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். இப்படி வாங்கி வாங்கியே கேட்னிஸின் பெயர் 20 முறையும் நண்பன் கேலின் பெயர் 42 முறையும் ஏறியிருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கே சீட்டு விழ வாய்ப்பு அதிகம். மாவட்டத்துக்குள்ளேயே ஒருவரையொருவர் வெறுக்கவைக்கும் ஏற்பாடு இது. படம் இதைப் போகிற போக்கில் ஓரிரு வசனங்களில் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

ரொட்டி விஷயமும் அப்படித்தான். அப்பா சுரங்க விபத்தில் இறந்தபின், பதினோரு வயது கேட்னிஸ் கொட்டும் மழையில் குப்பைத்தொட்டியைக் கிளறுகிறாள். பேக்கரிக்காரர் மகன் பீட்டா ரொட்டியை வேண்டுமென்றே கருகவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு, அவள் பக்கம் வீசுகிறான். அவளுக்கு அது தீர்க்கமுடியாத கடன். அந்தக் கடன் புரிந்தால்தான், அதே குலுக்கலில் அவளோடு தேர்வான அவனை அரங்கில் கொல்ல நேருமே என்று அவள் படும் அவஸ்தை புரியும். படத்தில் சில நொடி நினைவுத் துணுக்குகளாக வந்து போகும் இதிலிருந்து கடனின் கனம் தெரிவதே இல்லை.

எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது ஹேமிட்ச். அரங்குக்கு வெளியே இருந்து பாராசூட்டில் பரிசு அனுப்பும் வழிகாட்டி அவர். நாவலில் கேட்னிஸ் தாகத்தில் சாகக் கிடக்கிறாள், தண்ணீர் கேட்கிறாள், வரவில்லை. கோபப்படுகிறாள். அப்புறம்தான் உறைக்கிறது: பக்கத்திலேயே தண்ணீர் இருப்பதால்தான் அவர் அனுப்பவில்லை. பார்வையாளர்களைக் கவர அவளும் பீட்டாவும் காதலர்களாகத் தெரிய வேண்டும். குகையில் காயப்பட்ட பீட்டாவை முத்தமிட்டதும் சூப் வருகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை சூப் என்று கணக்கைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். படத்தில் பரிசோடு ஹேமிட்ச் எழுதிய துண்டுச்சீட்டே வந்துவிடுகிறது, இதுவா முத்தம் என்று கேட்டு! அவள் மூளை செய்ய வேண்டிய வேலையைச் சீட்டு செய்துவிட்டது. ஜெனிஃபர் லாரன்ஸ் அருமையாகவே நடித்திருக்கிறார். ஆனால் கேமராவுக்காக எது நடிப்பு, எது நிஜம் என்று அவளே குழம்பும் இடம்தான் இந்தக் காதலின் உயிர். அது முகபாவத்தில் பாதிதான் பிடிபடுகிறது.

படம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. அரங்கில் கேட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ இறந்தபின், நாவலில் அவளுடைய 11-ஆம் மாவட்டத்து மக்கள் கேட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். பட்டினி கிடப்பவர்கள் காசு சேர்த்து வாங்கியது என்பதை அவள் உணரும் பத்தி நெஞ்சை அடைக்கும். படம் ரொட்டியை விட்டுவிட்டு அந்த மாவட்டத்தில் வெடிக்கும் கலவரத்தைக் காட்டுகிறது. அரங்குக்குள் இருக்கும் கேட்னிஸால் இதைப் பார்க்கவே முடியாது, ஆகவே நாவலால் காட்டவும் முடியாது. ஸ்நோ தோட்டத்தில் நின்று நம்பிக்கையை எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று போட்டி அமைப்பாளர் செனெகா கிரேனுக்குப் பாடம் எடுக்கும் காட்சியும் அப்படியே. சர்வாதிகாரம் எப்படி யோசிக்கிறது என்பதைப் படம்தான் நன்றாகச் சொல்கிறது.

வன்முறையில் மறுபடி நாவலே. அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோர் எச்சரிக்கை) சான்றிதழோடு வந்த படம் இது. பிரிட்டனில் இன்னும் 7 நொடிகளை வெட்டினார்கள். குலுங்கும் கேமராவுக்குள் சாவுகள் மங்கிப்போகின்றன. கடைசியில் கேப்பிட்டல் ஏவிவிடும் செயற்கை மிருகங்களுக்கு நாவலில் செத்த பிள்ளைகளின் கண்கள் இருக்கும், கழுத்துப்பட்டையில் மாவட்ட எண் இருக்கும். படத்தில் அவை வெறும் பெரிய நாய்கள். கடைசிவரை மிஞ்சும் எதிராளி கேட்டோவின் சாவு நாவலில் ஓர் இரவு முழுக்க நீள்கிறது, படத்தில் சட்டென்று முடிகிறது. பீட்டாவின் கால் போவதும் படத்தில் கிடையாது.

முடிவிலும் இதே மழுப்பல். நாவலில், இருவரையுமே வெற்றியாளர்களாக அறிவித்து ஊருக்கு அனுப்பும்போது, குகையில் நடந்ததெல்லாம் பிழைப்பதற்கான நடிப்பா என்று பீட்டா நேராகக் கேட்டுவிடுகிறான். அவளால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ரயில் நிலையத்தில் கேமராக்களுக்காக மறுபடி கைகோர்த்து நிற்கிறார்கள். படத்தில் இந்த விரிசல் தொட்டும் தொடாமலும் போகிறது. படம் மட்டும் பார்த்தவர்கள் இரண்டாம் பாகத்துக்குப் போகுமுன் நாவலின் கடைசி அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள். இரண்டாம் பாகத்தில் பீட்டா ஏன் அவ்வளவு ஒதுங்கியிருக்கிறான் என்பதற்கு முழு விடை அங்கேதான் இருக்கிறது.