4,500 ரூபாய்க்கு ஒரு பேராசிரியர் கையேடு

பெங்களூர் ஜெயநகர்ப் பக்கம் உயர்கல்வி ஆலோசனை நிலையம் ஒன்று நடக்கிறது. பெயர் வேண்டாம். பி.யு.சி. (இங்கத்திய பிளஸ் டூ) படிக்கும் பிள்ளைகளின் வீட்டாரிடம் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேர ஆலோசனையும் 'ஆசிரியர் விவரக் கையேடு' என்று ஒரு தடித்த புத்தகமும் தருகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் யார் பாடம் நடத்துகிறார், என்ன படித்தவர், எதில் தேர்ந்தவர் என்பதெல்லாம் அதில் இருக்கும் என்பது விளம்பரம். என் அண்ணன் மகளுக்குச் சட்டமா, கட்டடக்கலையா என்று குழப்பம். அண்ணன் துபாயில் இருப்பதால் அலைச்சல் அத்தையான என் தலையில் விழுந்தது.

தாள், கட்டு, அட்டை எதிலும் குறையில்லை. ஆனால் நான் சிவாஜி நகர் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கண் முதலில் பிழையைத்தான் தேடும். இதில் தேடவே வேண்டியிருக்கவில்லை. 2009இல் பி.ஆர்க். முடித்ததாகப் போட்டிருக்கும் ஒருவருக்குக் கற்பித்தல் அனுபவம் 22 ஆண்டு. அடுத்தடுத்த மூன்று பேருக்கு ஆய்வுத்துறை பற்றிய பத்தி ஒன்றேதான், எழுத்துப்பிழை உட்பட. இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் 'பிஎச்.டி.' கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்கு அடியில் எறும்பளவு எழுத்தில் 'தொடர்கிறது'.

இவற்றையாவது அச்சுப்பிழைக் கணக்கில் தள்ளிவிடலாம். எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. எல்லாத் துறைக்கும் ஒரே படிவம்: பட்டம், வெளியான கட்டுரைகள், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை. கணிதத்தில் சில கட்டுரைகளோடு பெரிய பெயர் எடுத்தவர்கள் உண்டு. உயிர்மருத்துவத்தில் ஒரே கட்டுரையில் இருபது பேர் கையெழுத்து இருக்கும், மேற்கோளும் குவியும். கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைக்குத்தான் மதிப்பு. வரலாற்றுக்காரர் பத்து ஆண்டு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு நூலோடு வருவார். இவர்களையெல்லாம் ஒரே அட்டவணையில் இறக்கி, எண் குறைந்தவரைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். பட்டக் கட்டத்தை மட்டும் பார்த்தால் சர் சி.வி. ராமனும் பின்பக்கம்தான். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே ஆய்வு செய்து, 1917இல் பேராசிரியர் ஆனவர். கௌரவப் பட்டங்கள் குவிந்தனவே தவிர, ஆய்வேடு எழுதிப் பிஎச்.டி. வாங்கியவர் இல்லை. 1933இல் இதே பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார்.

சட்டப் பகுதிதான் கையேட்டின் உச்சம். ஒரு கல்லூரியில் பாதிப் பேருக்கு 'முழுநேரப் பேராசிரியர். உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்காடி வருபவர்' என்று போட்டிருக்கிறது. எங்கள் அச்சகத்தில் சட்டப் புத்தகங்கள்தான் அதிகம் ஓடும். அதனால் இது உறுத்தியது. வழக்கறிஞர் தொழில் செய்துகொண்டே சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. ஆனால் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதுவும் பகுதிநேரப் பணியாகவே கருதப்படும். அப்படியானால் அவர் முழுநேரமா, வழக்காடுகிறவரா? இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும்.

கட்டடக்கலைப் பகுதியில் தேவையானதையே விட்டுவிட்டார்கள். ஆசிரியர் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, எழுப்பிய கட்டடம் ஏதாவது உண்டா என்று ஒரு வரி இல்லை. பிஎச்.டி. எண்ணிக்கை மட்டும் பெரிதாக இருக்கிறது. உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023லேயே சொல்லிவிட்டது. தொழிலில் 15 ஆண்டு பழுத்தவர்களைப் பட்டம் பார்க்காமல் 'நடைமுறைப் பேராசிரியர்' என்று அமர்த்திக்கொள்ள 2022இல் வழி செய்தது. மொத்த இடங்களில் பத்து விழுக்காட்டுக்குள், அதிகபட்சம் நான்கு ஆண்டு வரை. கையேட்டில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

காசில்லாமல் கிடைத்ததுதான் உதவியது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பு, பல்கலைக்கழகம், நெறியாளர் பெயர், அத்தியாயம் அத்தியாயமாகக் கோப்பு என எல்லாம் இருக்கும். கையேட்டில் 'அரசமைப்புச் சட்ட வல்லுநர்' என்றிருந்த ஒருவரின் ஆய்வேட்டைத் தேடி எடுத்தாள் மருமகள். அது புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பற்றியது. சன்னபட்டணத்தில் மரப்பொம்மை கடைபவர்களிடம் பேசி எழுதிய அத்தியாயம் ஒன்று: அரக்கு என்ன விலை, குறியீடு கிடைத்த பிறகு இடைத்தரகர் ஒதுங்கினாரா, கூலி ஏறியதா என்று கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை இவள். "அத்தை, சட்டம் என்றால் இதெல்லாமும் படிக்கலாமா?" என்றாள். அதே மையத்தின் வித்வான் தளத்தில் ஆசிரியர்களின் விவரக்குறிப்புகளும் உண்டு.

நிலையத்தைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆலோசனை சொன்ன பெண் கோலார் தங்கவயல்காரர், பேச்சிலேயே தெரிந்துவிட்டது. பிழைகளைக் காட்டியதும் மழுப்பவில்லை. "அக்கா, கல்லூரிகள் அனுப்புவதை அப்படியே அச்சடிக்கிறார்கள், யாரும் சரிபார்ப்பதில்லை" என்றார். பிறகு கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கல்லூரி அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசி, முதலாண்டு வகுப்புகளின் கால அட்டவணையை அனுப்பச் சொன்னார். சுவரொட்டியில் சிரிக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் முதலாண்டு வகுப்புக்கு வருவதில்லையாம். வந்து சேர்ந்த இரண்டு அட்டவணைகளில் ஒன்றில் அந்தப் பொம்மை ஆய்வேட்டுக்காரர் பெயர் திங்கள், புதன் காலையில் இருந்தது. மருமகள் அங்கேதான் விண்ணப்பித்திருக்கிறாள்.

மதிப்பெண் கேட்டு நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஐந்துக்கு இரண்டு போட்டேன். இரண்டும் அந்தப் பெண்ணுக்கு. போகிறவர்கள் வாசலிலேயே அவரைக் கேளுங்கள். கையேடு இல்லாமல் ஆலோசனை மட்டும் 1,500 ரூபாய்க்கு உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.