உச்சிப்புளிப் பக்கம் ஒரு பெர்மாகல்ச்சர் பண்ணை: பத்து நாள் தங்கிப் பார்த்தேன்

பெர்மாகல்ச்சர் என்றால் மண், தண்ணீர், மரம், செடி எல்லாம் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்படி நிலத்தை அமைத்து விவசாயம் செய்வது. முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போனதே அதற்காகத்தான். முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது, முண்டு மிளகாய் போடுகிறோம். 2016-இல் மழை பொய்த்தபோது கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டோம். 300 அடியில் வந்தது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். அந்தக் கடனை அடைக்க நாலு வருஷம் ஆனது. அதனால், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, மோட்டாரே இல்லாமல் காய்கறி விளைவிக்கிறார்கள் என்று என் நாத்தனார் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடிக் கடைசியில் வயலில் வேலை இல்லாத நாட்களாகப் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் இறங்கித் தெற்கே ஆட்டோவில் போக வேண்டும். ஆறு ஏக்கர் மணல் பூமி. சுற்றிலும் பனை, உள்ளே பூவரசு, முருங்கை, கிளுவை வேலி. பதினொரு பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாளைக்கு 400 ரூபாய். காலையில் நாலு மணி நேரம் வேலை செய்தால் 250 கொடுத்தால் போதும். நான் வேலை செய்துதான் தங்கினேன்.

காலை ஐந்தரைக்கு ஊற்றடியில் வேலை தொடங்குகிறது. நிலத்தில் மூன்று ஊற்றுகள். எதுவும் பத்தடியைத் தாண்டாது. மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், கீழே இருக்கும் உப்புத்தண்ணீரை விட எடை குறைவானது. அதனால் அது மேலே மிதந்தபடி நிற்கிறது. மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் அந்த நல்ல தண்ணீர் தீர்ந்து, கீழே உள்ள உப்பு மேலேறிவிடும். ஆகவே குடத்தால் மட்டும்தான் மொள்ள வேண்டும். ஒரு ஊற்றில் காலையில் மொண்டால் மறுநாள் காலை வரை அதைத் தொடக்கூடாது. இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு பெரியம்மா. தேங்காய்ச் சிரட்டையில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இது வேணாம் தாயி, அந்த ஊத்துக்குப் போ" என்பார். நாக்கால் அவர் சொன்னது ஒரு நாளும் தப்பவில்லை. கடற்கரையில் மணலைத் தோண்டிச் சிரட்டையால் கோரிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் 300 அடிக்குழியை நினைத்து அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை.

அடுத்தது மூடாக்கு. மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது, ஆடிக்காற்று மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். அதனால் ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு சாண் கனத்துக்குச் சருகு போடுகிறார்கள். கரையில் ஒதுங்கும் கடற்புல்லையும் வாரி வந்து, ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே குவித்துவைத்து, உப்புக் கழுவிப் போன பிறகுதான் பாத்தியில் போடுகிறார்கள். காய்ந்த ஓலையைத் தனியாகப் போட்டால் கரையான் வந்துவிடுகிறது. அதனால் கீழே பச்சைத்தழை, மேலே ஓலை. நான் கையை விட்டுப் பார்த்தேன். மேலே மணல் சுடுகிறது, நாலு விரல் கீழே ஈரம். அந்தக் கத்தரிச் செடிகளின் பச்சையை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் போன சமயம் பனம்பழம் விழும் காலம். மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் பழம் பொறுக்கப் போவோம். கொட்டையைப் பாத்தியில் நெருக்கி அடுக்கி மண் மூடினால் தைக்குக் கிழங்கு. மிச்சக் கொட்டைகள் தெற்கு வேலியோரம் போகின்றன, காற்றைத் தடுக்க. பனை பெரிதாக இருபது வருஷத்துக்கு மேலாகும் என்று தெரிந்தும் அங்கே இருப்பவர்கள் குழி தோண்டியதைப் பார்த்தபோது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது. குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரைக் குழம்பு, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி. ஆனால் பக்கத்திலேயே மீனவர் குடியிருப்பு இருக்க, பத்து நாளும் சைவம்தான். குனிந்து மண் வெட்டுகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது மீன் குழம்பு வேண்டும். இதை அவர்களிடமே சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்கள். கழிப்பறையில் தண்ணீர் கிடையாது, சாம்பலும் மரத்தூளும் போட்டு மூட வேண்டும். முதல் நாள் சங்கடமாக இருந்தது, நாற்றம் இல்லை என்று தெரிந்ததும் சரியாகிவிட்டது.

எனக்கு உண்மையான வருத்தம் வகுப்புகள் பற்றித்தான். மாலை வகுப்பில் ஆஸ்திரேலியாவில் 1970-களில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சர் முறையைத் தொடங்கியதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாதிப் பேச்சு ஆங்கிலத்தில் ஓடியது. ஊற்றடிப் பெரியம்மாவை ஒரு நாளும் வகுப்பில் பேசச் சொல்லவில்லை. அவரை முன்னால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் எல்லோருக்கும் பிரயோஜனம். இன்னொன்று, அங்கே சொல்வதெல்லாம் மணலுக்குப் பொருந்துவது. எங்களுடையது கரிசல். அவர்கள் சொல்லும் பள்ளப் பாத்தியைக் கரிசலில் போட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி மிளகாய் வேர் அழுகிவிடும். நான் கேட்டபோது சரியான பதில் கிடைக்கவில்லை. உள்நாட்டு விவசாயிகளையும் அழைக்கிறார்கள் என்றால் கரிசலுக்கு என்று ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

கூலிக் கணக்கையும் அவர்கள் பேசுவதில்லை. பதினொரு பேர் சேர்ந்து மூடாக்குப் போடுகிற இடத்தையும், நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் பாடுபடுகிற மூன்று ஏக்கரையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. நான் வந்தபின் கால் ஏக்கரில் மட்டும், மேட்டுப் பாத்தி எடுத்து, வேப்பந்தழை மூடாக்குப் போட்டிருக்கிறேன்.

கடலோரத்தில் மணல் பூமி வைத்திருப்பவர்கள் கட்டாயம் போங்கள். கரிசல்காரர்கள் ஐந்து நாள் தங்கினால் போதும். மழை தொடங்குவதற்கு முன்னால், ஆவணியிலோ புரட்டாசியிலோ போனால் வேலை பழக நேரம் கிடைக்கும். தலைக்குத் துண்டு, கொசுவலை, டார்ச் லைட் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிப் போங்கள், அவர் காலை ஆறு மணிக்கெல்லாம் ஊற்றடியில் இருப்பார்.