அளந்து பார்க்காமல் காரைக் கைமாற்றிவிட்டேன்: மைலேஜ் குறைந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய என் பெட்ரோல் காரை, அதன் இன்ஜின் தேய்ந்து முடிந்துவிட்டது என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்னதை நம்பி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுக்கார் வாங்கினேன். அந்த இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்பது வண்டி கைமாறிய ஏழாவது வாரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. மைலேஜ் குறைந்துகொண்டே வருகிறது, இந்தக் காரை இனியும் வைத்திருக்கலாமா, மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் வண்டி பல ஆண்டுகளாக லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துவந்தது. இது டாஷ்போர்டில் பார்த்த எண் அன்று. ஒவ்வொரு முறையும் டேங்கை முழுதாக நிரப்பி, ஓடோமீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நிரப்பும்போது இடையில் ஓடிய தூரத்தை ஏறிய லிட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுதிவருவது என் வழக்கம். அந்த நோட்டின்படி எட்டு மாதங்களில் மைலேஜ் 15இலிருந்து 13க்கும், பிறகு 11.5க்கும் இறங்கியது. ஓடும் பாதை மாறவில்லை, ஓட்டுபவர் மாறவில்லை, டயர்க் காற்றழுத்தத்தையும் இரு வாரங்களுக்கு ஒருமுறை சரிபார்த்து வந்தேன். இன்ஜின் தேய்ந்தது என்று அவர்கள் சொன்னது பிஸ்டன் ரிங்கை, அதாவது சிலிண்டரில் அழுத்தம் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைத்திருக்கும் வளையத்தை. அந்தத் தேய்மானம் பல்லாயிரம் கிலோமீட்டர்களில் மெல்ல மெல்ல வருவது. எட்டே மாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மைலேஜ் போய்விட்டால், ஏதோ ஒரு பாகம் பழுதாகியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்குப் போதுமான எண்கள் என் கையிலேயே இருந்தும், நோட்டை ஒருமுறைகூட அவர்கள் முன் விரித்து வைத்துக் காரணம் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

முதல் முறை வண்டியை விட்டபோது ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்குகளும் மாற்றப்பட்டு, இன்ஜெக்டர் கிளீனிங்கும் செய்யப்பட்டது. மைலேஜ் அசையவில்லை. எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால், அடைபட்ட ஏர் ஃபில்டர் இழுவையைக் கெடுக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கார்புரேட்டர் காலத்து அறிவுரையை இன்றும் பில்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கடுத்த மாதம் டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டியைக் கொண்டுபோனேன். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள், இரண்டு நிமிடங்களில் விளக்கு அணைந்தது. என்ன காட்டியது என்று கேட்டதற்கு, "சும்மா சென்சார் எரர்தான் சார், அழிச்சுட்டோம்" என்று பதில் வந்தது. மூன்று வாரம் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடியும் அழித்தார்கள். இம்முறை டேங்கில் ஊற்றும் ஒரு மருந்தும், பெட்ரோல் குழாயில் மாட்டும் ஒரு காந்தக் கருவியும் சேர்த்து விற்றார்கள். இப்படி மைலேஜைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது. அவற்றில் குறிப்பிடத்தக்க பலன் தந்ததாக ஒன்றும் தேறவில்லை. காந்தத்தை ஓர் இடத்தில் உங்களுக்குக் காட்டினால், அந்த இடத்தில் சொல்லப்படும் மற்றதையும் நம்பாதீர்கள்.

நான்காம் முறைதான் தீர்ப்பு வந்தது. "இன்ஜின் போயிடுச்சு சார், ரிங் தேஞ்சிருக்கு. இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். இந்த முடிவுக்கு வர எந்தச் சோதனை செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ரிங் தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கம்ப்ரஷன் டெஸ்ட் என்ற எளிய சோதனை இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜினைச் சுழலவிட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பிஎஸ்ஐ அளவில் குறிப்பார்கள். ஒரு சிலிண்டரின் அளவு மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை. அதைச் செய்ததற்கான குறிப்பு, செய்த வேலைகளை எழுதித் தரும் என் ஜாப் கார்டுகளில் எங்கும் இல்லை. இத்தனைக்கும், ரிங் தேய்ந்த இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், புகைக்குழாயில் நீலப் புகை வரும். என் வண்டியில் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கியதே இல்லை, புகையும் வந்ததில்லை.

பழுது சொன்ன மேசைக்கும் புதுக்கார் விற்கும் மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புத்தான் இருந்தது. அங்கே எனக்குப் போட்டுக் காட்டப்பட்ட கணக்கைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் அதற்குள்தான் இருந்தது. ஆண்டுக்கு நான் ஓட்டுவது ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர். பழைய கார் லிட்டருக்கு 11.5 என்றால் ஆண்டுக்கு 1,043 லிட்டர் பெட்ரோல். புதுக்கார் லிட்டருக்கு 21 என்றால் 571 லிட்டர். ஆக ஆண்டுக்கு 472 லிட்டர் மிச்சம், அதுவே தவணையில் ஒரு பகுதியைக் கட்டிவிடும் என்றார்கள். வகுத்தலில் தவறில்லை. ஆனால் 11.5 என்பது பழுதான நிலையில், நெரிசல் மிகுந்த சாலையில், நானே அளந்த எண். 21 என்பதோ ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வரையறுத்த வேகங்களில், ஏசி போடாமல் ஓட்டிப் பெற்ற எண். ஒன்றை அதன் மிக மோசமான நாளிலும் மற்றொன்றை அதன் மிகச் சிறந்த நாளிலும் எடுத்து அருகருகே வைத்தால் எந்தப் பழைய காரும் தோற்றுத்தான் போகும். இந்த இடைவெளி தெரிந்த விஷயம்தான். ஐரோப்பாவில் பழைய என்இடிசி சோதனைமுறை சாலை நிலவரத்தோடு ஒட்டவில்லை என்பதால்தான் 2017 செப்டம்பரிலிருந்து டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும்கூட நம் அன்றாட ஓட்டத்துக்கும் சோதனை எண்ணுக்கும் வேறுபாடு இருக்கவே செய்கிறது. என் புதுக்கார் அதே பாதையில், அதே நோட்டுக் கணக்கில் கொடுப்பது லிட்டருக்கு 16.

கையெழுத்திட்டேன், சாவியைக் கொடுத்தேன், இன்ஜின் போன வண்டி என்பதற்காகப் பழைய காருக்கு மிகக் குறைந்த மதிப்பே போடப்பட்டது, அதையும் ஏற்றுக்கொண்டேன்.

ஏழாவது வாரத்தில் அந்தக் காரை வாங்கியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். காரில் கிடந்த சர்வீஸ் புத்தகத்தில் என் எண்ணைப் பார்த்திருக்கிறார். இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் அழைத்தார். இன்ஜின் எப்படி இருக்கிறது என்று நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இன்ஜினுக்கு என்ன சார்? தெர்மோஸ்டாட் மாத்தினேன், முன்னாடி இடது பிரேக் காலிப்பரைப் பிரிச்சு கிரீஸ் போட்டேன், அவ்வளவுதான். இப்ப பதினஞ்சு தருது" என்றார். வாங்கிய நாளே தன் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கம்ப்ரஷன் பார்த்ததாகவும், நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டியதாகவும், ஸ்கேனரில் பி 0128 என்ற குறியீடு இருந்ததாகவும் சொன்னார். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்க அதனுள் ஓடும் திரவம்) எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை, தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள் என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். என்னிடம் இரண்டு முறை அழிக்கப்பட்ட "சென்சார் எரர்" வேறொன்றாக இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் சிறு வால்வு. இன்ஜின் சூடேறும்வரை மூடியிருந்து, பிறகு திறந்து, கூலன்டைச் சுமார் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பது அதன் வேலை. அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்குள் ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று கருதும் இசியு, வழக்கமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று வைத்திருக்க வேண்டிய கலவையில் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆயிலும் நன்றாக இளகாததால் உராய்வும் கூடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போதெல்லாம் வெப்பமானியின் முள் நடுவிலிருந்து கீழே இறங்கும். இன்ஜின் சூடாகவில்லை என்பதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். உங்கள் முள் நெடுந்தூர ஓட்டத்தில் வழக்கமான இடத்துக்கு வராமல் தாழ்ந்தே நின்றால், மைலேஜ் குறைவுக்கான முதல் காரணத்தை அங்கே தேடுங்கள்.

பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகமான காலிப்பரின் விஷயம் இன்னும் எளியது. அதன் நகர்வுப் பின்களில் கிரீஸ் வறண்டு இறுகிவிட்டால், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்; அரைகுறையாகப் பிரேக் பிடித்தபடியே ஓட்டுவதற்கு ஒப்பானது அது. முன்பக்க இடது சக்கரத்தின் ரிம் மட்டும் எப்போதும் கரிபடிந்து இருந்ததும், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வண்டி முன்புபோல் உருளாமல் சட்டென்று வேகம் குறைந்ததும் இப்போது நினைவுக்கு வருகின்றன. மைலேஜோடு நிற்கும் விஷயமும் அன்று இது. அந்தச் சக்கரத்தின் பிரேக் சூடேறி எந்நேரமும் கைவிட்டிருக்கலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் குற்றவாளி.

இந்த விவரங்களோடு சர்வீஸ் சென்டருக்குச் சென்றேன். வாடிக்கையாளரின் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது என்றார்கள். ஜாப் கார்டில் "எரர் கிளியர் செய்யப்பட்டது" என்று மட்டுமே இருக்கிறது. குறியீட்டு எண் இல்லை. "இன்ஜின் தேய்மானம்" என்ற சொற்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவை வாயால் மட்டுமே சொல்லப்பட்டவை. ஆகவே விளக்கை அணைக்க விடுவதற்கு முன் ஸ்கேனர் திரையை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறியீட்டு எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், இன்ஜின் போய்விட்டது என்றால் சிலிண்டர்வாரியாகக் கம்ப்ரஷன் அளவை எழுத்தில் கேளுங்கள். கார் விற்காத, உங்கள் காரை வாங்கவும் போகாத ஒரு மெக்கானிக்கிடம் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பழைய காரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்துவிட்டாலோ, அளந்து பார்த்த கம்ப்ரஷன் உண்மையிலேயே தாழ்ந்திருந்தாலோ, உதிரி பாகங்கள் கிடைக்காமல் போனாலோ மாற்றுவதுதான் சரி. ஆனால் மைலேஜை மட்டும் காரணமாக வைத்து மாற்றுவதென்றால், பழுது நீக்கிய பழைய காரையும் சாலையில் உண்மையாக ஓடும் புதுக்காரையும் ஒப்பிட்டு, ஆண்டுக்கு எத்தனை லிட்டர் மிச்சம் என்று பாருங்கள். என் கணக்கில் பழையது 15 என்றால் 800 லிட்டர், புதியது 16 என்றால் 750 லிட்டர். ஆண்டுக்கு 50 லிட்டருக்காக ஐந்தாண்டுத் தவணையில் நிற்கிறேன்.

காரை வாங்கியவர் தன் மெக்கானிக்கின் பில்லையும் ஸ்கேனர் திரையின் படத்தையும் எனக்கு அனுப்பி உதவினார். அவற்றை இணைத்து, அழிக்கப்பட்ட இரண்டு குறியீடுகளின் எண்களையும் கம்ப்ரஷன் அளவுகளையும் தருமாறு சர்வீஸ் சென்டருக்கு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்து நான்கு வாரங்கள் ஆகின்றன. இதுவரை பதில் வரவில்லை.