சிவப்புப் புள்ளிக்குள் ஓர் அகழி வீடு

அயர்லாந்துக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. லீவு நாளில் கடற்கரையையும் கோட்டையையும் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு வயல்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் வியூவர். தேசிய நினைவுச்சின்னங்கள் சேவை நடத்தும் இணைய வரைபடம் அது. இலவசம். நாடு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். ஒன்றைத் தொட்டால் அங்கே என்ன இருந்தது என்று சொல்லும்.

தென்கிழக்குக் கடலோர மாவட்டமான வெக்ஸ்ஃபோர்டில் அப்படித் தொட்டதில் 'மோட்டட் சைட்' என்று வந்தது. அகழி சூழ்ந்த வீடு. அகழி என்றாலே நமக்குக் கோட்டையும் முதலையும்தான் நினைவுக்கு வரும். இதுவோ பண்ணை வீடு. 1169-இல் பிரிட்டனிலிருந்து இந்தக் கரையில் வந்திறங்கிய நார்மன் படையினரின் வழிவந்தவர்கள், பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14-இன் தொடக்கத்திலும் கட்டியவை இவை. வெட்டிய மண்ணை உள்பக்கம் கரையாகக் குவித்து, பள்ளத்தில் தண்ணீர் தேக்கி, நடுவே மர வீடு. மாடு திருட வருபவர்களைத் தடுக்கவும், 'நாங்கள் வசதியானவர்கள்' என்று ஊருக்குக் காட்டவும்.

வான்வழிப் படத்தை வைத்துக்கொண்டு பெரிதாக்கினேன். வயலுக்கு நடுவே மரங்கள் ஒரு சதுரமாக நின்றன. இவற்றைவிடப் பழைய வட்டக் கோட்டைகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு, அவை உருண்டை. மூலை தெரிந்தால் அகழி வீடாக இருக்கலாம். அன்றிலிருந்து காரில் போகும்போதுகூட என் கண் மூலையைத்தான் தேடுகிறது.

சரி, நேரில் போனோமா என்றால், போனோம். புள்ளி இருப்பதால் யாரும் உள்ளே நுழையலாம் என்று அர்த்தமில்லை, பெரும்பாலானவை தனியார் நிலம். விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டோம். அந்தப் பெரியவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

அகழியில் கோரை மண்டிக் கிடந்தது. கால் வைத்தால் 'சளக்' என்றது, கறுப்புத் தண்ணீர் ஷூவுக்குள் ஏறியது. எழுநூறு வருஷமாகியும் அந்தப் பள்ளத்தில் ஈரம் காயவில்லை! கரை என் தோள் உயரம்கூட இல்லை. அதன்மேல் வெண்பூ பூத்த முள்மரங்கள். ஒரு பக்கம் மட்டும் கரை அறுந்து, உள்ளே போக வழி இருந்தது. பாலம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். என் மகன் கரை மேலேயே ஒரு சுற்று நடந்து, பக்கத்துக்கு நாற்பது காலடி வைத்ததாகச் சொன்னான். உள்ளே வெறும் புல். ஒரு கல்கூட இல்லை, அது மர வீடு. எனக்கு அது ஏமாற்றமாகவே இல்லை. யாரோ சமைத்துத் தூங்கிய இடத்தின் நாலு மூலையும் அப்படியே இருந்ததே.

"எங்க அப்பா இதுக்குள்ள ஏர் ஓட்டினதில்ல, நானும் ஓட்டல" என்றார் பெரியவர்.

போகிறவர்கள் மெட்டல் டிடெக்டர் கொண்டுபோக வேண்டாம், அனுமதியில்லாமல் அது குற்றம். மழைக்காலம் என்றால் முழங்கால் பூட்ஸ் கட்டாயம்.

அடுத்து ராஸ்காமன் மாவட்டத்தில் க்ளூன்ஃப்ரீ என்ற இடம். அது ஐரிஷ் அரசன் ஒருவன் 1300 வாக்கில் இதே பாணியில் கட்டியது. வரைபடத்தில் குறித்து வைத்துவிட்டேன்.