புல்மன் குடியிருப்பில் இரண்டு மணி நேர நடைப்பயணம்: பாதி நிறைவு

சிகாகோவின் தென்பகுதியில் உள்ள புல்மன் குடியிருப்பை வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் சேவைக்குப் பணம் கட்டியதற்கு ஒரே காரணம், 1894ஆம் ஆண்டின் ரயில் வேலைநிறுத்தத்தை அது தொடங்கிய தெருக்களிலேயே நின்று கேட்க வேண்டும் என்ற ஆசைதான்.

முதல் ஒரு மணி நேரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளைக் கட்டிய ஜார்ஜ் புல்மன் தம் தொழிலாளர்களுக்கு முதலாளியாகவும் வீட்டுக்காரராகவும் இருந்தார். மேற்பார்வையாளரின் வீடு அகலமாகவும் சாதாரணத் தொழிலாளியின் வீடு ஒடுங்கியும் இருப்பதை, செங்கல் சுவர்களையும் வாசல்களையும் தொட்டுக் காட்டியே வழிகாட்டி புரியவைத்தார். 1893 பொருளாதார நெருக்கடிக்குப் பின் கூலி சராசரியாகக் கால் பங்கு வெட்டப்பட்டும் வாடகை குறையவில்லை என்று அவர் சொன்னபோது, அந்த ஒடுங்கிய வாசல் முன் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

இன்று இல்லாத ஆர்கேட் கட்டடம் இருந்த இடத்தில் ஒரு பழைய புகைப்படத்தின் நகலைக் கையில் கொடுத்தார்: துப்பாக்கியுடன் வரிசையாகப் படைவீரர்கள், அவர்களுக்கு எதிரே தொழிலாளர்கள். “அரசாங்கம் படையை அனுப்பியது” என்ற ஒரே வரியோடு அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டார். எனக்கு இது பெரிய ஏமாற்றம். படத்தில் நிற்பது இல்லினாய்ஸ் மாநிலப் படை. வேலைநிறுத்தத்தின் போக்கை மாற்றியதோ கூட்டரசின் தலையீடு. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம் புல்மன் தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் புல்மன் பெட்டி பூட்டிய வண்டிகளைத் தொட மறுத்ததும், ரயில் நிறுவனங்களின் வழக்கறிஞராக இருந்து கூட்டரசின் தலைமைச் சட்ட அதிகாரியான (அட்டர்னி ஜெனரல்) ரிச்சர்ட் ஓல்னி, அஞ்சல் தடைப்படுவதைக் காரணம் காட்டி ஜூலை 2 அன்று அந்தப் போராட்டத்துக்கு நீதிமன்றத் தடையாணை பெறச் செய்தார். மறுநாளே அதிபர் கிளீவ்லண்ட் படைக்கு உத்தரவிட்டார். தாம் கேட்காமலே படை வந்ததை மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் 1895இல் உச்ச நீதிமன்றம் தடையாணை செல்லும் என்றது. அதை மீறியதற்காக டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார்.

போகிறவர்கள் முதலில் மணிக்கூண்டுக் கட்டடத்தில் உள்ள தேசியப் பூங்காவின் வரவேற்பு மையத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. வீடுகளைப் பற்றி அறிய இந்த நடைப்பயணத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நடத்துபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: கையில் தந்த நகலின் பின்புறம் வெறுமையாக இருந்தது; எந்தப் படை, யார் அனுப்பியது, எந்த நாளில் என்ற மூன்றையும் அதில் அச்சிட்டுக் கொடுங்கள்.